நோன்பும் ஒரு பிடி அரிசியும்

தமிழில் 'நோன்பு' என்பது மிகப் பழைய சொல். 'நோல்' என்னும் வினையடியிற் பிறந்த அச்சொல்லுக்குப் பொறுத்தல், தாங்குதல் என்பனவே முதற்பொருள்கள். உண்ணாதிருத்தல் என்பது அவ்வேரினின்று பிரிந்த ஒரு கிளை. பாவை நோன்பு, காரடையான் நோன்பு, ரமலான் நோன்பு என்று பல சமயத்தாரிடத்தும் வழங்கும் இச்சொல், மலையாள நாட்டில் குடியேறி வாழும் நம் போன்ற தமிழ்க் குடும்பத்தாரின் செவியில் 'நோம்பு' என்று சற்றே ஒலி திரிந்து வந்து விழுகிறது. அண்டை வீட்டுச் சிரியன் கிறித்தவ அம்மையார் மீன்காரரைத் திருப்பி அனுப்பும்போதும் 'நோம்பு' என்கிறார். சாலைக் கடைவீதியில் பேரீச்சம்பழம் வாங்கிக்கொண்டு அந்திக்கு முன் வீடு விரையும் இசுலாமிய அன்பரும் 'நோம்பு' என்கிறார். ஊர் மாறினும் சொல் நம்மைக் கைவிடவில்லை.

எங்கள் இல்லத்தில் இதற்கு வேறிரண்டு பெயர்களும் உண்டு. தந்தை வழி தென்னிந்தியத் திருச்சபையைச் சார்ந்தது. அங்கே வழங்கும் சொல் 'உபவாசம்'. பழைய தமிழ் வேதாகமத்தில் உள்ள சொல்லும் அதுவே. தாய் வழி கத்தோலிக்கம். அங்கே 'ஒருசந்தி' என்பார்கள். நாளில் ஒருபொழுது மட்டும் உண்பது ஒருசந்தி. புலால் நீக்கி உண்பது சுத்தபோசனம். 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியமோ 'நோன்பு' என்னும் பழஞ்சொல்லையே எடுத்துக்கொண்டது. உபவாசம் என்பதற்கு அருகில் வாழ்தல் என்பது பொருள். இறைவனுக்கு அருகில் என்று கொள்ள வேண்டும். ஆகவே, தாங்குதல், அருகில் இருத்தல், ஒருபொழுது உண்ணல் என மூன்று பெயர்களும் நோன்பாளியின் நிலையை மூன்று பக்கங்களிலிருந்து காட்டுகின்றன. ஆயினும் இம்மூன்றும் சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. நாம் உண்ணாமல் விட்ட சோறு எங்கே போகிறது என்பதே அது. இக்கேள்வியை முன்வைத்தே கிறித்தவ நோன்பைப் பற்றிச் சில எண்ணங்களை இங்கே எழுத விழைகின்றோம்.

வேதாகமத்தில் நோன்பு இருந்தோர் பலர். மோசே சீனாய் மலையில் நாற்பது நாள் இருந்தார். எலியா ஓரேபுக்கு நாற்பது நாள் நடந்தார். இயேசு பெருமான் தம் திருப்பணியைத் தொடங்குமுன் வனாந்தரத்தில் நாற்பது நாள் பசித்திருந்தார். யோனாவின் அறிவிப்பைக் கேட்ட நினிவே நகரில் அரசன் முதல் ஆடுமாடு வரை நோன்பு காத்ததாகக் காண்கிறோம். அந்தியோக்கியாச் சபையார் பவுலையும் பர்னபாவையும் அனுப்பிவைக்குமுன் நோன்பிருந்து வேண்டினர். ஆனால் மத்தேயு நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தைக் கூர்ந்து நோக்குவோர் ஓர் ஒழுங்கினைக் காண்பர். பெருமான் முதலிற் பேசுவது தருமத்தைப் பற்றி. அடுத்து வேண்டுதலைப் பற்றி. மூன்றாவதாகவே நோன்பைப் பற்றி. மூன்றினுக்கும் அவர் இடும் கட்டளை ஒன்றே: பிறர் காணச் செய்யாதீர்கள் என்பது. இம்மூன்றும் ஒரே முக்காலியின் கால்கள். ஒன்றைத் தனியே கழற்றி எடுத்தால் முக்காலி நில்லாது.

ஏசாயா தீர்க்கதரிசியின் ஐம்பத்தெட்டாம் அதிகாரம் இன்னும் கடுமையானது. நாங்கள் நோன்பிருந்தோமே, நீர் ஏன் நோக்கவில்லை என்று மக்கள் இறைவனிடம் முறையிடுகின்றனர். நோன்பு நாளிலேயே உங்கள் வேலையாட்களை ஒடுக்குகிறீர்கள், வழக்காடுகிறீர்கள், கையோங்குகிறீர்கள் என்று மறுமொழி வருகிறது. நுகத்தடியை அவிழ்ப்பதும், பசித்தவனோடு உணவைப் பகிர்வதும், வீடற்றவனை வீட்டிற்கு அழைத்துக்கொள்வதும், ஆடையற்றவனுக்கு ஆடை தருவதுமே தாம் விரும்பும் நோன்பு என்று இறைவன் உரைப்பதாகத் தீர்க்கதரிசி அறிவிக்கிறார். வயிற்றைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை; அடுத்தவன் வயிற்றைப் பற்றியே பேச்சு.

தொடக்கக் காலத் திருச்சபை இதனை நன்கு உணர்ந்திருந்தது. 'திதக்கே' எனப்படும் பழைய போதனை நூலின் கையெழுத்துப் படி 1873இல் கான்ஸ்டாண்டிநோபிளில் கண்டெடுக்கப்பெற்று, 1883இல் அச்சேறியது. திங்களும் வியாழனும் நோன்பிருப்போரைப் போல அன்றிப் புதனும் வெள்ளியும் நோன்பிருக்குமாறு அந்நூல் பணிக்கிறது. இன்றைக்கும் கீழைத் திருச்சபைகளில் புதனும் வெள்ளியும் நோன்பு நாட்களாக இருப்பதற்கு அவ்வளவு பழைய வேர் உண்டு. இரண்டாம் நூற்றாண்டில் ரோமாபுரியில் எழுந்த எர்மாவின் 'மேய்ப்பர்' என்னும் நூலோ, கணக்கு எழுதிப் பிழைக்கும் மத்திய அரசு எழுத்தர் குடும்பத்தாராகிய எங்களை மிகவும் கவர்ந்தது. முதலில் தீய சொல்லையும் தீய ஆசையையும் விலக்குக. பின்னர் அப்பமும் நீருமாக நோன்பிருக்கும் நாளில், வழக்கமாக உண்டிருக்கக்கூடிய உணவின் விலையைக் கணக்கிட்டு, அத்தொகையைக் கைம்பெண்ணுக்கோ அனாதைக்கோ வறியவர்க்கோ கொடுத்துவிடுக என்பது அந்நூல் காட்டும் முறை. அதாவது, நோன்பிற்கு ஒரு வரவு உண்டு. அவ்வரவிற்கு உடனே ஒரு செலவும் உண்டு. இருப்பு வைத்துக்கொள்ள இடமில்லை.

அதே நூற்றாண்டில் ஏதென்ஸ் நகரத்து அறிஞர் அரிஸ்டைட்ஸ் உரோமப் பேரரசனுக்குக் கிறித்தவர்களைப் பற்றி ஒரு விண்ணப்பம் எழுதினார். அவர்களுக்குள் ஒருவன் வறியவனாயிருந்து, அவனுக்குக் கொடுக்கத் தங்களிடமும் மிகுதி இல்லையாயின், இரண்டு மூன்று நாள் தாங்கள் நோன்பிருந்து அவனுக்கு வேண்டிய உணவைச் சேர்க்கிறார்கள் என்று அதில் குறிப்பிடுகிறார். செல்வர் கொடுப்பதில் வியப்பில்லை. கொடுக்க ஏதும் இல்லாதவர், தம் வயிற்றையே நிலமாக்கி அங்கே விளைத்துக் கொடுத்தனர் என்பதே வியப்பு.

தமிழர்க்கு இது புதிதாகத் தோன்றாது. திருவள்ளுவர் உண்ணாநோன்பின் பெருமையை ஒப்புக்கொள்கிறார். ஆனால் இரண்டு இடங்களில் அதனை இரண்டாம் இடத்தில் வைக்கிறார். பொறையுடைமை அதிகாரத்தில், பட்டினி கிடந்து தவம் செய்வோரைப் பெரியோர் என்று சொல்லிவிட்டு, பிறர் கூறும் சுடுசொல்லைத் தாங்கிக்கொள்வோர்க்கு அடுத்தபடியாகவே அவர்களை நிறுத்துகிறார். ஈகை அதிகாரத்திலோ, தம் பசியை வெல்லும் தவத்தோரின் வலிமை, பிறர் பசியைப் போக்குவாரின் வலிமைக்குப் பிற்பட்டதே என்கிறார். தீர்க்கதரிசியும் வள்ளுவரும் ஒருவரையொருவர் அறியார். ஆயினும் பசியைப் பற்றி அவர்கள் எழுதிய தீர்ப்பு ஒன்றுபோலவே உள்ளது.

இனி, நாம் வாழும் இத்திருவனந்தபுரத்தைச் சற்று நோக்குவோம். நோன்பின் வகைகளைக் காண இதனினும் ஏற்ற நகரம் அரிது. சிரியன் கிறித்தவர்களின் ஆண்டு முழுவதும் நோன்புகளால் கோக்கப்பட்டது. பெரிய நோன்பு தொடங்குவதற்கு மூன்று வாரம் முன்னதாக நினிவே மக்களின் நினைவாக மூன்று நோன்பு வருகிறது. குறவிலங்காட்டில் யோனாவின் கப்பலைச் சுமந்து வலம் வருவது அந்நாட்களில்தான். பின்னர்ப் 'பேத்துர்த்தா' ஞாயிறு வரும். அன்று வீடுகளில் இறைச்சி சமைத்து உண்டு, மறுநாளிலிருந்து நிறுத்திவிடுவார்கள். பேத்துர்த்தா ஞாயிறு முதல் உயிர்த்த ஞாயிறு வரை எண்ணினால் நாட்கள் ஐம்பது. ஆதலின் அது ஐம்பது நோன்பு. மரபு வழுவாதோர் இறைச்சியும் மீனும் முட்டையும் மட்டுமன்றிப் பாலையும் விலக்குவர். ஆகஸ்டில் பதினைந்து நோன்பு, செப்டம்பர் 1 முதல் 8 வரை அன்னை மரியின் பிறப்பை ஒட்டிய எட்டு நோன்பு, கிறிஸ்துமசுக்கு முன் இருபத்தைந்து நோன்பு எனப் பிறவும் உண்டு. எட்டு நோன்பிற்கு மணர்காடு ஆலயத்தில் மக்கள் கூடும் அதே நாட்களில், தமிழகத்தில் காவியுடை அணிந்து வேளாங்கண்ணிக்கு நடப்போரும் ஒருபொழுது உண்டு நடக்கின்றனர். இரு நாட்டார்க்கும் விழா நாள் செப்டம்பர் 8 என ஒன்றாய் அமைந்தது நமக்கு ஓர் இன்பமான ஒற்றுமை.

2025ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் இந்நகரம் ஓர் அரிய காட்சியைக் கண்டது. 2ஆம் நாள் ரமலான் நோன்பு தொடங்கியது. 3ஆம் நாள் சிரியன் மரபினரின் பெரிய நோன்பு தொடங்கியது. சீரோ மலபார்ச் சபையார் அந்நாளை 'விபூதித் திங்கள்' என்பர். 5ஆம் நாள் இலத்தீன் மரபினர்க்கும் தென்னிந்தியத் திருச்சபையார்க்கும் திருநீற்றுப் புதன். 13ஆம் நாள் ஆற்றுக்கால் பொங்காலை. விரதம் காத்த பெண்கள் தெருவெங்கும் அடுப்பு மூட்டினர். பாளையத்தில் பள்ளிவாசலும் பேராலயமும் கணபதி கோயிலும் அருகருகே நிற்பது போலவே அவ்வாண்டு நோன்புகளும் அருகருகே நின்றன. பள்ளிவாசலில் அந்திக்கு வழங்கும் நோன்புக் கஞ்சியையும், பெரிய வெள்ளியன்று சிரியன் ஆலயங்களில் நீண்ட வழிபாட்டின் முடிவில் வழங்கும் கஞ்சியையும் பயற்றையும் எண்ணிப் பார்த்தோம். பகலெல்லாம் நின்றும், நெற்றி தரையிற் படக் கும்பிட்டும், கைப்பு நீரை ஒரு மிடறு குடித்தும் முடித்த பின்னர் அக்கஞ்சி வருகிறது. அன்று செல்வரும் எளியவரும் ஒரே கலத்துக் கஞ்சியையே குடிக்கின்றனர். நோன்பு முறியும் வேளையிலேனும் எல்லார்க்கும் ஒரே உணவு என்பது சிறிய செய்தியன்று.

இலத்தீன் மரபில் சட்டம் காலந்தோறும் இளகி வந்துள்ளது. முன்னர்த் தவக்காலத்து வாரநாட்கள் எல்லாம் ஒருசந்தி நாட்களாகத் திருச்சபைச் சட்டத்தில் இருந்தன. 1966இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அதனைத் திருநீற்றுப் புதன், பெரிய வெள்ளி ஆகிய இரு நாட்களாகக் குறைத்து, உள்மனத் தவத்தையும் ஈகையையும் வலியுறுத்தினார். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டப்படி ஒருசந்தி 18 வயது நிறைந்தவர் முதல் 59 வயது நிறையும் வரை உள்ளோர்க்கே கடமை. சுத்தபோசனம் 14 வயது நிறைந்தோர்க்குக் கடமை. நற்கருணை வாங்குவதற்கு நள்ளிரவு முதல் நீரும் அருந்தாதிருந்த பழைய வழக்கமும் 1953இலும் 1957இலும் தளர்ந்து, 1964இல் ஒரு மணி நேரம் என்று ஆயிற்று.

சீர்திருத்தச் சபைகளின் வரலாறு வேறு. 1522இல் சூரிச் நகரில், தவக்காலத்தில் ஓர் அச்சகத்தார் இல்லத்தில் சிலர் இறைச்சி உண்டதும், உண்பதும் விடுவதும் கிறித்தவனின் உரிமை என்று சுவிங்லி போதித்ததும் அங்கே சீர்திருத்தத்தின் தொடக்கமாயின. ஆகவே, 1806இல் மயிலாடியில் ரிங்கல்தௌபே ஐயர் தொடங்கிய இலண்டன் மிஷன் பணியின் வழிவந்த தென் திருவிதாங்கூர்ச் சபைகளில், இன்ன நாளில் இன்னது உண்ணலாகாது என்ற கட்டாயம் வேரூன்றவில்லை. அதற்கு மாறாக உபவாசக் கூட்டம் வளர்ந்தது. வெள்ளிக்கிழமை காலையில் வெறும் வயிற்றோடு கூடி, பாடி, அழுது, வேண்டி, நண்பகலில் ஒன்றாய் அமர்ந்து உண்டு பிரியும் அவ்வழக்கம் குமரி நெல்லைப் பகுதிகளில் இன்றும் உயிரோடு இருக்கிறது.

இக்கூட்டங்களில் கேட்கும் வேண்டுதல்களை நாம் எளிதில் நகைத்துவிடலாகாது. பிள்ளைக்கு வேலை, பெண்ணுக்கு வரன், கணவருக்குச் சொந்த ஊருக்கு மாற்றல் உத்தரவு என்பனவெல்லாம் மெய்யான பசிகளே. ஊரை விட்டு வந்து, வாடகை வீட்டில் வாழ்ந்து, ஒவ்வோராண்டும் மாற்றல் பட்டியலைப் பார்த்து ஏமாறுவோரின் கண்ணீர் எத்தகையது என்பதைப் புலம்பெயர்ந்த குடும்பத்தார்க்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் மூன்று நாள் பட்டினிக்கு ஒரு மாற்றல், ஏழு நாள் பட்டினிக்கு ஒரு வேலை என்று விலை பேசத் தொடங்கினால் நோன்பு கருவூலத்தில் கட்டும் பணம் போல ஆகிவிடும். கேட்பதில் பிழையில்லை, கேட்டதைத் தராவிடில் உண்ணமாட்டோம் என்று இறைவனையே நெருக்குவதில்தான் பிழை.

இதனை விளக்க ஒரு வரலாற்றுச் செய்தி உண்டு. 1924இல் வைக்கத்தில், கோயிலைச் சூழ்ந்த சாலைகளில் எல்லாச் சாதியாரும் நடக்கும் உரிமை கோரி அறப்போர் எழுந்தது. அதில் முன்னின்றவருள் ஒருவர் ஜார்ஜ் ஜோசப். செங்கன்னூரில் சிரியன் கிறித்தவக் குடும்பத்திற் பிறந்து, மதுரையில் வழக்கறிஞராக வாழ்ந்து, குற்றப் பரம்பரைச் சட்டத்தால் வாடிய மக்களுக்காக உழைத்து, 'ரோசாப்பூ துரை' என்று அம்மக்களால் அழைக்கப்பெற்றவர் அவர். கைது செய்வதை விடுத்து வழியை மட்டும் அரசு மறித்தபோது அறப்போராளர் அங்கேயே உண்ணாநோன்பில் அமர்ந்தனர். இச்செய்தி எட்டியதும் காந்தியடிகள் அந்நோன்பை நிறுத்தும்படி ஜோசப்புக்கு எழுதினார். உண்ணாநோன்பு நம்மை நேசிப்பவரைத் திருத்துவதற்கு உரியது, எதிராளியிடமிருந்து உரிமையைப் பெறும் கருவியன்று என்பது அவர் கருத்து. மனிதரிடத்திலேயே நோன்பை நெருக்கடியாக்கலாகாது எனில், இறைவனிடத்தில் எங்ஙனம் ஆகும்?

நோன்பு தொடங்கும் முறையிலும் கற்க வேண்டியது உண்டு. மேலைச் சிரியன் மரபுச் சபைகளில் பெரிய நோன்பின் முதல் திங்களன்று 'சுப்கோனோ' என்னும் மன்னிப்பு வழிபாடு நடக்கும். குருவும் மக்களும் ஒருவரையொருவர் நோக்கிக் குனிந்து மன்னிப்பு வேண்டுவர். பேசாதிருந்த உடன்பிறந்தோரும், வேலித் தகராற்றில் பகைத்த அயலாரும் அங்கே முகம் பார்த்தே தீர வேண்டும். மீனை விடுவது எளிது; மனத்தாங்கலை விடுவது அரிது. அரியதை முதலில் வைத்து எளியதைப் பின்னர் வைத்த முன்னோரின் அறிவு பாராட்டுதற்குரியது. அண்மை ஆண்டுகளில் கேரளத் திருச்சபைகள் சில, நோன்புக் காலத்தில் கைப்பேசியையும் தொலைக்காட்சித் தொடர்களையும் ஒதுக்கிவைக்கச் சொல்கின்றன. அதுவும் நல்லதே. ஒதுக்கி வைத்த அந்த நேரம் யாருக்குப் போகிறது என்று கேட்டுக்கொண்டால் இன்னும் நல்லது. எடை குறைப்பதற்காக வேளை தவறி உண்போர் இன்று பெருகியுள்ளனர். அவர்கள் வயிறும் நோன்பாளியின் வயிறும் ஒன்றுபோலவே காய்கின்றன. மிஞ்சிய சோறு சென்று சேரும் இடத்திலேதான் வேறுபாடு தெரியும்.

அந்த இடத்தைத் தென்தமிழ் நாட்டுக் கிறித்தவப் பெண்கள் நெடுநாட்களுக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டனர். அதன் பெயர் பிடியரிசி. உலை வைக்க அரிசி அளந்தவுடன், அதிலிருந்து ஒரு பிடி அள்ளி, அடுப்பங்கரையில் தனியே உள்ள கலயத்தில் இடுவார்கள். வாரம் முடிந்ததும் அவ்வரிசி ஆலயத்திற்குப் போகும். ஊழியர்க்கும் வறியோர்க்கும் பயன்படும். மலையாளக் கிறித்தவர்களிடத்தும் இவ்வழக்கம் அதே பெயரோடு இருந்தது. புதிதாக அரிசி வாங்கிக் கொடுத்த காணிக்கையன்று இது. வீட்டார் அத்தனை பேரின் உலையிலிருந்தும் எடுத்தது. ஆகவே அவ்வீட்டில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு கவளம் குறைவாக உண்டனர். யாரும் பட்டினி கிடந்ததாக அறியவில்லை. ஆயினும் அனைவரும் நோன்பிருந்தனர். கையில் காசு புரளாத பெண்கள், கணவரிடம் கேளாமலே கொடுக்கத்தக்க ஒரே செல்வம் அதுவாக இருந்தது என்பதையும் மறக்கலாகாது.

எங்கள் தாயார் அம்மரபில் வளர்ந்தவர். ஆண்டுதோறும் தவக்காலத்தில் புதனும் வெள்ளியும் ஒருசந்தி தவறாதவர். வயது எழுபதைக் கடந்து, சர்க்கரை நோய்க்கு மாத்திரையும் ஊசியும் தொடங்கிய பின்னர், வேளை தவறினால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும் என்று மருத்துவர் கண்டிப்பாகத் தடுத்துவிட்டார். திருச்சபைச் சட்டமும் அவரை விடுவித்துவிட்டது என்று பங்குக் குருவும் எடுத்துச் சொன்னார். சட்டம் விட்டாலும் அவர் மனம் விடவில்லை. நோன்பு நாளில் தம் இலையில் சோறு விழும்போதெல்லாம் அவர் முகம் வாடியதை நாங்கள் பார்த்தோம். ஐம்பது ஆண்டுகளாகத் தம்முடையதாக இருந்த ஒன்றை முதுமை பறித்துக்கொண்டது போன்ற துயரம் அது. ஒருநாள் மருந்தை மட்டும் விழுங்கிவிட்டு உணவை ஒதுக்கப் பார்க்கிறாரோ என்று அஞ்சி, அருகிலேயே காவல் இருந்தோம்.

அடுத்த வெள்ளியன்று அவர் வேளைக்கு உண்டார். உண்டு முடித்ததும் அடுக்களைக்குச் சென்று, ஓர் உழக்கு அரிசி அளந்து, பழைய தகர டப்பா ஒன்றில் போட்டு மூடினார். என்னம்மா இது என்று கேட்டோம். "மக்கா, பட்டினி கிடக்கத்தானே டாக்டர் வேண்டாம் என்றார்? அரிசி அளக்க வேண்டாம் என்று சொல்லவில்லையே!" என்றார். தாம் உண்ணாதிருந்தால் மிஞ்சியிருக்கும் அரிசியை, உண்ட பின்னும் அவர் கொடுத்துவிட்டார். எர்மாவின் நூலை அவர் படித்ததில்லை, அப்பெயரையே கேட்டதில்லை. ஆயினும் அதன் கணக்கைச் சரியாகவே எழுதிவிட்டார். அன்று முதல் ஒருசந்தி இருக்கும் நாங்களும் எங்கள் பங்கை அந்த டப்பாவில் இடலானோம். பதினான்கு வயது நிறையாத மகளுக்கு நோன்பு இல்லை. ஆதலின் கணக்கெழுதும் பொறுப்பு அவளுக்கு வந்தது. வாங்காமல் விட்ட மீனுக்கு இவ்வளவு, குடிக்காமல் விட்ட காப்பிக்கு இவ்வளவு என்று ஒரு பள்ளிக் குறிப்பேட்டில் எழுதி வருகிறாள்.

அந்த அரிசி எங்கே செல்லும் என்பதற்கும் விடை அருகிலேயே இருந்தது. திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் 1981இல் நிறுவப்பெற்ற மண்டலப் புற்றுநோய் மையத்திற்குக் குமரி, நெல்லை, தூத்துக்குடிப் பகுதிகளிலிருந்தும் நோயாளர் வருகின்றனர். நோயாளிக்கு மருத்துவம் நடக்கும். உடன் வந்தோர் வராந்தாவிலும் மரத்தடியிலும் நாட்களைக் கழிப்பர். மொழி அரைகுறை, கைக்காசு மருந்திற்கே போதாது. நண்பகலில் பொதிச்சோறு வழங்குவோரை எதிர்பார்த்து நிற்கும் வரிசை அவ்வளாகத்திற்குப் புதிதன்று. நோன்பு வெள்ளிகளில் நாங்களும் டப்பா அரிசியை வடித்து, தோரனும் சம்மந்தியும் ஓர் ஊறுகாய்த் துண்டும் சேர்த்து, வாட்டிய வாழையிலையில் கட்டிப் பத்துப் பன்னிரண்டு பொதிகள் கொண்டு செல்கிறோம். இலை தருவது அண்டை வீட்டுச் சிரியன் அம்மையாரின் தோட்டம். அவர் ஐம்பது நோன்பு எங்கள் ஒருசந்தியோடு இவ்வாறு கலந்துவிட்டது.

ஒரு வெள்ளியன்று ஒரு பெண்மணியிடம் பொதியை நீட்டினோம். எங்கள் தமிழைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. கணவருக்குத் தொண்டையில் நோய். மூன்று வாரமாக இங்கே இருக்கிறார். "எனக்கு இன்றைக்கு ஒருசந்தி, அண்ணாச்சி" என்றார். வேண்டாம் என்கிறார் போலும் என்று கையை இழுக்கப் போனோம். "இல்லை, தாருங்கள்" என்று வாங்கி, பக்கத்தில் பாய் விரித்துப் படுத்திருந்த ஒரு மலையாள முதியவரை எழுப்பி, அவர் கையில் வைத்தார். "இவருக்கு வாங்கி வர யாரும் இல்லை. நான் சாப்பிடுகிற நாளில் பாதி கொடுப்பேன், இன்றைக்கு முழுசும் கொடுக்கலாம்" என்றார். இருவர்க்கும் பொது மொழி ஏதும் இருந்ததாகத் தெரியவில்லை. கொடுக்க ஒன்றும் இல்லாதவர் தம் பசியிலிருந்து எடுத்துக் கொடுத்ததை ஏட்டிற் படித்த நாங்கள், அன்று வராந்தாவிற் கண்டோம்.

நோயாளரும் கருவுற்றோரும் குழந்தைகளும் முதியோரும் மருத்துவர் சொற்கேட்டே நடக்க வேண்டும். உடலை வருத்துவதில் இறைவனுக்கு மகிழ்ச்சி ஏதும் இல்லை. இயன்றவர் ஒருவேளையேனும் பசித்துப் பார்ப்பது நன்று. ஏனெனில் பசியை அறியாதவனின் ஈகை மேலிருந்து கீழே எறியும் ஈகையாகப் போய்விடக்கூடும். தானும் பசித்துக்கொண்டு கொடுப்பவன் கொள்பவனோடு ஒரே தரையில் நிற்கிறான். அயல்நாட்டில் வாழும் நமக்கு இது இன்னும் பொருந்தும். சொந்த ஊரின் கோயிலும் குளமும் உற்றாரும் ஏற்கெனவே நம் தட்டிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டன. இழப்பைத் தாங்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. அந்தப் பழக்கத்தைப் புலம்பலாக வளர்ப்பதா, பிறர்க்கு ஒரு பிடி அரிசியாக மாற்றுவதா என்பது நம் கையில் உள்ளது. நம் சங்கத்து அன்பர்களில் சைவர், வைணவர், இசுலாமியர், கிறித்தவர் என எல்லாரும் உள்ளனர். எந்த நாளில், எந்தப் பெயரால் விரதம் இருப்பினும், அடுக்களையில் ஒரு டப்பா வைப்பதற்கு எச்சமயமும் தடை சொல்லாது.

எங்கள் மகள் பள்ளியில் மலையாளமே படிக்கிறாள். தமிழ் எழுத்துகளை வீட்டில் தட்டுத்தடுமாறிக் கற்றவள். அவள் தன் குறிப்பேட்டின் மேலட்டையில் 'ஒருசந்திக் கணக்கு' என்று தமிழில் எழுதியிருக்கிறாள். எழுத்தில் சிறு பிழைகள் உண்டு. வரவும் செலவும் ஒவ்வொரு வெள்ளியும் சரியாக நேராகின்றன. இருப்பு என்னும் கட்டத்தில் மட்டும் வாரந்தோறும் சுழியம் இட்டு வருகிறாள்.